செத்தா குடுத்துரணும்

இந்த வயசுல கேம் ஆடிக்கிட்டு இருக்கானேன்னுதான பாக்கிய? பாருங்க அண்ணாச்சி, பாக்கதுல தப்பில்ல. கடைக்கு வார எல்லாரும் பாக்கத்தான் செய்யுதாவ. உங்க போனுக்குப் புது டிஸ்ப்ளே ஒட்டியாச்சு, பசை காயணும். அதுவரைக்கும் ரப்பர் பேண்டு போட்டு இப்படியே கெடக்கட்டும். அவசரப்பட்டு எடுத்தா ஓரம் தூக்கிக்கிடும், பெறவு திரும்பவும் எங்கிட்டதான் வரணும். ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காருங்க. ஃபேன் காத்து அந்தப் பக்கந்தான் வரும்.

இது சாதா கேம் இல்ல. என் தம்பி செஞ்சது. கூடப்பொறந்த தம்பி, மார்ஷல். கனடாவுல இருக்கான். எங்களுக்குள்ள பேச்சுவார்த்த கெடையாது. அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. அவன் பேசல, நானும் பேசல, அவ்வளவுதான். ஆனா ஞாயம்னு ஒண்ணு இருக்குல்லா, அத யார்கிட்டயாவது சொல்லணும்ல. நீங்க வெளியூரு. உங்ககிட்ட சொன்னா தூத்துக்குடிக்குள்ள சுத்தாது.

எங்க அப்பாவுக்குக் கப்பல்ல, என்ஜின் ரூம்ல வேலை. ஒருதடவ லீவுல வரும்போது சிங்கப்பூர்ல இருந்து கையில வச்சு ஆடுத வீடியோ கேம் ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு. செங்கல் கனம் இருக்கும். கலரெல்லாம் கெடையாது, பாசி பிடிச்ச பச்சையில கருப்பு கருப்பாத் தெரியும். உள்ள லைட்டும் கெடையாது. சன்னலுக்கு முதுகக் காட்டி உக்காந்தாத்தான் வெளிச்சம் விழுந்து படம் தெரியும். அதுக்கு இருந்தது ஒரே ஒரு கேம். மேல சப்பான் எழுத்துல பேரு போட்டிருக்கும், எவனுக்குத் தெரியும் அது. தலையில விளக்கு கட்டுன ஒருத்தன் ஒரு பெரிய பள்ளத்துல எறங்குவான். எறங்க எறங்க குகைக்குள்ள குகையாப் போயிட்டே இருக்கும். எந்த வழி எங்க போவுதுன்னு ஒருத்தனும் சொல்லமாட்டான், நாமளே தேடணும். தாவணும், ஏறணும், வௌவாலு பூச்சின்னு வாரதையெல்லாம் சுடணும். நானும் தம்பியும் அதுக்குக் கெணறுன்னு பேரு வச்சோம்.

மிஷினு ஒண்ணு, பயலுவ ரெண்டு. வீட்டுல சண்டை வராம இருக்குமா. அப்பா கப்பலுக்குத் திரும்பிப் போறதுக்கு முந்தி ஒரு சட்டம் போட்டாரு. ஆட்டத்துல செத்தா மிஷின அடுத்தவன்கிட்ட குடுத்துரணும். அவன் செத்தா அவன் இவன்கிட்ட குடுத்துரணும். ரெண்டுபேரும் சரின்னோம். நல்ல சட்டம்தான், நான் குறை சொல்லமாட்டேன். அந்தச் சட்டத்த நான் ஒருநாளும் மீறுனது கெடையாது. இத நீங்க மனசுல வச்சுக்கிடணும்.

என்னன்னா, நான் சாகமாட்டேன்.

பெருமைக்குச் சொல்லல அண்ணாச்சி. அது ஒரு கை வாக்கு. கண்ணுமண்ணு தெரியாம ஓடுதவன் சாவான். நான் பாத்துப் பாத்து அடி வைப்பேன். ஆபத்தா ஒரு எடம் வருதுன்னா திரும்பி வந்துருவேன். அந்தக் கெணத்துக்குள்ள ஒரு திட்டு உண்டு, அங்க பூச்சி பொட்டு எதுவும் வராது. அதுல ஏறி நின்னுக்கிடுவேன். அம்மா சாப்புடக் கூப்புடுத வரைக்கும் நிப்பேன். பேட்டரி தீந்துபோச்சுன்னா? பேட்டரி செத்தா நான் செத்ததா ஆகுமா? ஆகாதுல்லா. அதனால மறுநாளும் என் முறைதான்.

மார்ஷல் எனக்கு எதுக்க உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பான். பக்கத்துல உக்காந்தா வெளிச்சத்த மறைச்சிருவான், அதனால எதுக்கத்தான் உக்காரணும்னு நான் சொல்லியிருந்தேன். சம்மணம் போட்டு, கழுத்த நீட்டி, தலைகீழாப் பாத்துக்கிட்டே இருப்பான். அப்பப்ப கேப்பான், "செத்துட்டியாண்ணே?" இல்லலேன்னு சொல்லுவேன். சரின்னுருவான். அழமாட்டான், பிடுங்கமாட்டான். தங்கமான பயதான் அப்ப. அவன் ஆடவே இல்லையான்னா, நான் அம்மை போட்டுப் படுத்திருந்தப்ப ஆடியிருப்பான். இல்ல, அப்பவும் மிஷினு என் தலைமாட்டுலதான் இருந்துச்சு. சவத்த விடுங்க, யாருக்கு ஞாபகம் இருக்கு அதெல்லாம்.

பெறவு அவன் படிச்சான், கம்ப்யூட்டர் வேலைக்குப் போனான், கனடா போனான். நான் இங்கயே இந்தக் கடையப் போட்டேன். அப்பா போய்ச் சேந்தபெறவு அம்மா எங்கூடத்தான் இருந்தா. அவன் ஞாயித்துக்கிழமை தவறாம போன் பண்ணுவான். குறை சொல்ல முடியாது.

ஒரு மழைக்காலத்துல அம்மாவுக்குப் பக்கவாதம் வந்துட்டு. ஒருபக்கம் கையும் காலும் விழுந்துபோச்சு, பேச்சும் கொழகொழன்னு ஆயிட்டு. நானும் எம் பொண்டாட்டி ஜெனிட்டாவும் பாத்துக்கிட்டோம். கஞ்சி ஊட்டுனேன், தொடச்சுவிட்டேன், புண்ணு வராம பொரட்டிப் பொரட்டிப் படுக்கவச்சேன். டாக்டரே சொன்னாரு, இப்படி ஒரு மகன் கெடைக்கமாட்டான்னு. மார்ஷல் போன் பண்ணும்போது அம்மா கோயிலுக்குப் போயிருக்கா, தூங்குதா, தொண்ட கட்டியிருக்குன்னு எதையாவது சொல்லி வச்சுருவேன். அவன எதுக்குச் சங்கடப்படுத்தணும்? அவ்வளவு தூரத்துல இருக்கவன். எனக்கு முடியலன்னு வந்தாத்தான அவனக் கூப்புடணும். எனக்கு முடிஞ்சுது. ஜெனிட்டா சொல்லத்தான் செஞ்சா, "தம்பிக்கு ஒரு வார்த்த சொல்லுங்க, வந்து ரெண்டுநாள் இருந்துட்டுப் போகட்டும்"னு. நாம பாத்துக்கிடுவோம்னுட்டேன்.

அம்மா போயிட்டா. அதுக்கப்புறம்தான் அவனுக்குச் சொன்னேன். அவன் வந்து எறங்கும்போது கல்லறையில மண்ணு மூடி மாலைகூட வாடிட்டு. நேரா அங்கதான் கூட்டிட்டுப் போனேன். ரொம்ப நேரம் நின்னான். பெறவு என்னப் பாத்து, "ஒருநாளாவது எங்கிட்ட விட்டிருக்கலாம்லாண்ணே" அப்படின்னான்.

நீங்களே சொல்லுங்க. விடுததுக்கு அதுல என்ன இருக்கு? மூத்திரத்துணி மாத்துததுல பங்கு கேட்டு எவனாவது கோவிப்பானா? அதத்தான் அவன்கிட்டயும் சொன்னேன். அவன் வீட்டுக்குள்ளகூட வராம ஓட்டல்ல தங்கி மறுநாள் போயிட்டான். ஞாயித்துக்கிழமை போனும் நின்னுபோச்சு. எனக்கு ஒண்ணும் தோணல. அம்மா போனப்பவே அழுகை வரல, இதுக்கா வரப்போவுது. பல்லு பிடுங்க ஊசி போட்டா தாடை மரத்துப்போய் நம்ம தாடை மாதிரியே இருக்காதுல்லா, அப்படித்தான் அப்ப இருந்து இருக்கு. கன்னத்தக் கடிச்சாலும் தெரியாது.

சரி, கேமுக்கு வாரேன். போன வருசம் கடையில ஆள் இல்லாத ஒரு மத்தியானம், பழைய கெணறு கேமு இன்னும் எங்கயாவது கெடைக்குதான்னு நெட்டுல தேடுனேன். சும்மாத்தான். பழைய கேமையெல்லாம் விரும்பி ஆடுதவனுவ ஒண்ணுகூடி வச்சிருக்க ஒரு பக்கம் வந்துச்சு, எல்லாம் வெளிநாட்டுக்காரனுவ. அதுல ஒருத்தன் அந்தக் கேம எடுத்து, கலர் போட்டு, பாட்டையெல்லாம் புதுசா அடிச்சு, குகையையெல்லாம் மாத்திக் கட்டி, போன்லயே ஆடுத மாதிரி செஞ்சுகிட்டு இருக்கான். விக்கதுக்கு இல்ல, ஆசைக்கு. அதுக்குப் பேரு என்ன வச்சிருக்கான்னு பாத்தா, தமிழ் எழுத்துல "கெணறு".

இந்த ஒலகத்துல அந்தக் கேமுக்குக் கெணறுன்னு பேரு சொல்லுதது ரெண்டே பேருதான். ஒருத்தன் இங்கன உக்காந்திருக்கேன்.

முழுசா முடியாத கேம ஆடிப்பாத்துத் தப்புக் கண்டுபிடிச்சுச் சொல்லதுக்கு ஆள் வேணும்னு அதுல போட்டிருந்தான். நான் பேரக் குடுத்தேன். சொந்தப் பேரு இல்ல. கிளாட்வின்னு போட்டா தெரிஞ்சுருமேன்னு சீகல்னு ஒரு கடல் பறவை பேரப் போட்டேன். ஒளிஞ்சு பாக்கணும்னு இல்ல. என்ன செஞ்சு வச்சிருக்கான்னு பாக்கணும்ல, மூத்தவன்னு ஒருத்தன் இருக்கேன்.

ஆடுனேன். நல்லாத்தான் செஞ்சிருந்தான். அந்தப் பாட்டு பழைய மிஷின்ல கீச்சுக்கீச்சுன்னு கேக்கும், அதயே வயலின் வச்சு வாசிச்ச மாதிரி ஆக்கியிருந்தான். நான் தப்பெல்லாம் கண்டுபிடிச்சு எழுதுனேன். இந்த எடத்துல வௌவாலு சொவத்துக்குள்ள மாட்டிக்கிடுது, அந்த எடத்துல ஏணி பாதியில நிக்கி, இப்படி. எல்லாம் இங்கிலீஷ்லதான். அவன் பதில் போடுவான், நன்றி சீகல், சரி பண்ணிட்டேன்னு. மறுநாள் பாத்தா வௌவாலு பறந்துபோவும். காலையில கடையத் தொறந்த ஒடனே சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துதேனோ இல்லையோ, அதத்தான் பாப்பேன். சில நாளு நாலஞ்சு பதில்கூட வரும். ஒருதடவ அங்க பனி கொட்டுது, இருமலு, ரெண்டு நாளா ஒண்ணும் செய்ய முடியலன்னு எல்லாருக்கும் பொதுவா எழுதியிருந்தான். மிளகும் பனங்கற்கண்டும் தட்டிப்போட்டுக் காய்ச்சிக் குடின்னு நான் எழுதுனேன். ரொம்ப நேரங்கழிச்சு பதில் வந்துச்சு, என் அம்மா அப்படித்தான் செய்வாங்கன்னு. எனக்கு ஒண்ணும் தோணல. அடுத்த தப்ப எழுதி அனுப்பிச்சேன்.

அதுல ஒரு தப்புதான் பெரிய தப்பு. கெணத்துக்கு அடியில போனா ஒரு பகுதி முழுக்கத் தலைகீழா இருக்கு. தண்ணி மேல குகை முகட்டுல கெடக்கு, செடி கீழ்நோக்கி மொளைச்சிருக்கு, படிக்கட்டு மேல இருந்து தொங்குது. அதுக்குள்ள நடக்கதே பெரும்பாடு. ஆடுனவனுவ எல்லாரும் ஆகா ஓகோன்னு எழுதியிருந்தானுவபோல. மத்தவன் எழுதுனத நான் வாசிக்கமாட்டேன். கேட்டுட்டு ஆடுனா அது ஆட்டமா? நான் என் மனசுல பட்டத எழுதுனேன்: இது கூறுகெட்டத்தனமா இருக்கு, பழைய கேம்ல இந்த எடம் நேராத்தான் இருக்கும், தெரியாம வரைஞ்சிருக்க, மாத்து. எல்லாத் தப்பையும் மறுநாளே மாத்துதவன் இத மட்டும் மாத்தல. மாத்தமாட்டேன், நான் பாத்தது அப்படித்தான்னு ஒரு வரி போட்டிருந்தான். அந்தப் பிடிவாதம் அம்மாவழி.

இப்படியே போயிருந்தா நல்லாருந்திருக்கும். வெண்ணெய் தெரண்டு வரும்போது தாழி ஒடஞ்ச கதையா, கேமு முடியப்போற சமயத்துல அந்தப் பழைய கேமோட உரிமைக்காரங்க வக்கீல் நோட்டீஸ் விட்டுட்டாங்க. எங்க சரக்க நீ எப்படிக் கலைச்சுக் கட்டலாம், எடுன்னு. அவங்க சொல்லுததும் சரிதான, அவங்க பொருளு. மார்ஷல் சண்டையெல்லாம் போடல. வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோட பக்கத்த மூடுதேன்னு எல்லாருக்கும் எழுதிட்டான்.

அதுக்கு ரெண்டு நாள் முந்தி எனக்குன்னு தனியா ஒண்ணு எழுதியிருந்தான். அத்தன மாசமா இங்கிலீஷ்ல எழுதுனவன் அன்னைக்குத் தமிழ்ல எழுதியிருந்தான்.

அது வெளங்கணும்னா ஒண்ணு சொல்லணும். இந்த மாதிரி சோதிச்சுப் பாக்கக் குடுக்குத கேம்ல, ஆடுதவன் எங்கெங்க சாகுதான்னு செஞ்சவனுக்குத் தகவல் போயிரும். அவன்கிட்ட இருக்க படத்துல அந்த எடத்துல ஒரு சிவப்புப் புள்ளி விழும். ஒரே எடத்துல நெறய புள்ளி விழுந்தா அந்த எடம் ரொம்பக் கஷ்டம், கொஞ்சம் எளகுவாக்கணும்னு தெரிஞ்சுக்கிடுவான். இது எல்லாக் கேமுக்கும் உண்டு, எனக்கும் தெரியும்.

அவன் எழுதியிருந்தது இதுதான், எனக்கு மனப்பாடம். "எல்லார் பேருலயும் சிவப்புப் புள்ளி இருக்கு. சீகல் பேருல ஒண்ணுகூட இல்ல. இப்படி ஆடுத ஒரே ஒருத்தரத்தான் எனக்குத் தெரியும். நீ யாருன்னு நான் கேக்கல. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரே ஒருதடவ செத்துக் காட்டு. நான் பாத்துக்கிட்டு இருப்பேன். புள்ளி விழுந்தா ஒடனே போன் பண்ணுதேன்."

ஜெனிட்டாகிட்ட காட்டுனேன். அவ வாசிச்சுட்டு சேலைத் தலைப்பால கண்ணத் தொடச்சுக்கிட்டா. கேமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், இப்பவே போனப் போட்டு "ஏலே மார்ஷல்"னு கூப்புடுங்கன்னா. நான் எப்படிக் கூப்புட? அவன்தான பேச்ச நிறுத்துனது. இல்லன்னா அவன் கேட்டபடி செய்யுங்க, ஒருதடவ பள்ளத்துல குதிக்கதுல என்ன கொறஞ்சுபோவப் போவுதுன்னா. அவளுக்கு ஆட்டத்தப் பத்தி என்ன தெரியும். வேணும்னே சாகுதது ஆட்டம் இல்ல. அதச் சொன்னதுக்கு, "தானும் படுக்கமாட்டான் தள்ளியும் படுக்கமாட்டான்னு ஒங்கள மாதிரி ஆளத்தான் சொல்லிவச்சிருக்கு"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அது எதுக்கு அங்க பொருந்தும்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல.

நான் மாட்டேன்னு சொல்லல அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை கடையில இங்கனதான் உக்காந்திருந்தேன். பாதி ஷட்டர எறக்கிவிட்டுட்டு ஆடுனேன். அடியில அமிலக் குட்டை ஒண்ணு உண்டு, விழுந்தா ஒடனே முடிஞ்சுது. அதோட வெளிம்புல கொண்டுபோய் நிறுத்திட்டேன். ஒரு தாவு தாவுனாப் போதும். அங்க அவன் ஒக்காந்து பாத்துக்கிட்டு இருப்பான், எனக்குத் தெரியும். கட்டைவெரல வச்சேன். அமுக்கணும்னுதான் நெனச்சேன். வெரலு அமுங்கல. வலிக்கல, நடுங்கல, அது பாட்டுக்கு அங்க கெடக்கு, எவனோ வச்சுட்டுப் போன வெரலு மாதிரி. சரி கொஞ்சம் ஆசுவாசப்படுத்திட்டுப் போவோம்னு திரும்பி அந்தத் திட்டுல ஏறி நின்னேன். பழைய கேம்ல இருந்த அதே திட்டு, அத மட்டும் மாத்தாம வச்சிருந்தான். அங்கயே நின்னுட்டேன். சாயங்காலம் கோயில் மணி அடிச்சுது. கொஞ்ச நேரத்துல, இணைப்பு இல்லன்னு ஸ்கிரீன்ல ஒரு வரி வந்துச்சு. பக்கம் மூடியாச்சு.

போன் வரல. எப்படி வரும்.

அடுத்த திங்கக்கிழமை காலையில கடையத் தொறந்தேன். பாக்கதுக்கு ஒண்ணும் இல்ல. பதிலு கெடையாது, தப்பு எழுதவும் எடம் கெடையாது. கேமு மட்டும் போன்ல இருக்கு, அது தன்னால ஓடும். தொறந்து, அந்தக் குட்டைக்குப் போயி, அமுக்குனேன். இந்தத் தடவ வெரலு சொன்னபடி கேட்டுச்சு. விழுந்துட்டேன். இந்தக் கேம்ல நான் மொதமொதலாச் செத்தது அன்னைக்குத்தான்.

விழுந்தா ஆட்டம் முடிஞ்சுதுன்னு வரும்னு நெனச்சேன். வரல. விளக்கு கட்டுனவன் அணைஞ்சு போனான். ஸ்கிரீனு பைய அப்படியே ஒரு சுத்துச் சுத்துச்சு. முழுசாத் தலைகீழா வந்து நின்னுச்சு, எதுக்க உக்காந்திருக்கவனுக்கு நேராத் தெரியுத மாதிரி. அங்க இன்னொருத்தன் நிக்கான். சின்னவன். அவன் தலையிலயும் ஒரு விளக்கு. முகட்டுல கெடந்த தண்ணி இப்ப அவன் காலுக்குக் கீழ இருக்கு, செடி நேரா நிக்கி, படிக்கட்டு ஒழுங்காப் போவுது. கூறுகெட்டத்தனம்னு நான் எழுதுன எடம் பூரா அவனுக்குன்னு கட்டுனது. மத்த எல்லாப் பயலுவளும் ஆடத்தொடங்குன மொத நாளே செத்து அதப் பாத்திருப்பானுவ. எனக்கு மட்டுந்தான் தெரியல, ஏன்னா நான் நல்லா ஆடுதவன்.

அவன் நின்னுக்கிட்டே இருந்தான். எதுக்க பாத்தேன். நீங்க இப்ப உக்காந்திருக்க அதே ஸ்டூலு, காலியா கெடந்துச்சு. கொஞ்ச நேரம் போன நீட்டிப் பிடிச்சபடிதான் இருந்தேன். கையி ஓஞ்சுபோச்சு. ஷட்டருக்கு வெளிய ஒருத்தர் சார்ஜர் இருக்கான்னு கேட்டாரு, எடுத்துக் குடுத்து அனுப்பிட்டு வந்து பாத்தா அப்பவும் நின்னுக்கிட்டு இருக்கான். எவ்வளவு நேரம் ஒருத்தன அப்படி நிக்கவைக்கது, பாவம்லா.

அதனால போனத் திருப்பிப் பிடிச்சு, அவனையும் நானே ஆடுதேன். இந்தா நீங்க வரும்போது ஆடிக்கிட்டு இருந்தேம்லா, அது அவன்தான். சின்னவன் நல்லாத்தான் ஓடுதான், என்னைவிட வேகம். அவன் செத்தா ஸ்கிரீனு திரும்பி எம்பக்கம் வந்துரும்னு நெனைக்கேன். தெரியல. இதுவரைக்கும் அவன நான் சாகவிடல.